வறட்சியைக் கண்டறிவோம், மரத்தடியில் தீவனம் வளர்ப்போம்
(பண்ணை வானொலிப் பேச்சு)



வெள்ளம் வந்தால் வந்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புயலுக்குப் பெயரே வைத்துவிடுகிறார்கள். வறட்சி அப்படி இல்லை. அது என்றைக்கு வந்தது என்று கேட்டால் யாரும் தேதி சொல்ல முடியாது. "இன்னும் நாலு நாளில் பெய்துவிடும்" என்று நாலு நாலு நாளாகத் தள்ளிக்கொண்டே போகிறோம். ஒரு நாள் காலையில் தொழுவத்துக்குப் போனால் மாட்டுக்குப் போட ஒரு பிடி புல் இல்லை. அன்றைக்குத்தான் வறட்சி வந்துவிட்டது என்கிறோம். உண்மையில் அது வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பது மாடு. மாட்டுக்குப் பின்னால் நிற்பது புல். மழை தப்பினால் கடையில் பால்கோவா நிற்காது. பாலுக்கு விலை கூடும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டில் மாட்டையே விற்றுவிடுகிறார்கள். அதுவும் எல்லோரும் விற்கிற சமயத்தில், சந்தையில் கேட்பார் இல்லாத விலைக்கு. மறு வருஷம் மழை பெய்து புல் முளைத்ததும் அதே மாதிரி மாடு வாங்கப் போனால் விலை இரட்டிப்பாக நிற்கிறது. ஒரு குடும்பம் கீழே இறங்குவது இப்படித்தான்.

சரி, வறட்சியை யார் கண்காணிக்கிறார்கள்? அரசாங்கம் கண்காணிக்கிறது. வானிலைத் துறை மழையை அளக்கிறது. ஒரு பருவத்தில் வழக்கமாகப் பெய்ய வேண்டிய மழையில் கால் பங்குக்கு மேல் குறைந்தால் அது வறட்சி. பாதிக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்பது அவர்கள் கணக்கு. இதோடு செயற்கைக்கோளும் பார்க்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய தொலை உணர்வு நிறுவனம் 1989-லிருந்து இந்த வேலையைச் செய்தது. 2012 முதல் டெல்லியில் மகாலநோபிஸ் பெயரில் உள்ள தேசியப் பயிர் முன்னறிவிப்பு மையம் செய்து வருகிறது.

செயற்கைக்கோள் எப்படி வறட்சியைப் பார்க்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். விஷயம் எளிதுதான். பச்சை இலை சூரிய வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். வாடிய இலையும் வெறும் மண்ணும் அப்படிச் செய்யாது. இந்த இரண்டு ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, இந்த இடத்தில் பச்சை இவ்வளவு, போன வருஷம் இதே வாரத்தில் இவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். கரிசல் காட்டில், சோளமும் பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரி நிலத்தில், இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும். பயிர் வாடினால் படத்திலும் பச்சை குறையும்.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. தென்னையும் மாவும் ஆழத்து ஈரத்தைக் கொண்டும், நாம் ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரைக் கொண்டும் தாக்குப்பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்றிருக்கும். கீழே புல் கருகி மூன்று வாரம் ஆகியிருக்கும். கண்மாய்க்குள்ளும் புறம்போக்கிலும் நிற்கிற சீமைக் கருவேலமும் இப்படித்தான். எந்த வறட்சியிலும் பச்சையாக நிற்கும், அதன் இலையை மாடு தொடாது. சில படங்களில் ஒரு புள்ளி 250 மீட்டர் நீளம், 250 மீட்டர் அகலம். அதாவது ஒரு புள்ளிக்குள் 15 ஏக்கர் அடங்கிவிடும். அந்தப் புள்ளிக்குள் உங்கள் வரப்புப் புல் எங்கே தெரியப்போகிறது? ஒரு பெரியவர் சொன்னார்: "சார், மேலே இருந்து பார்த்தா எங்க ஊர் பச்சையா இருக்குதாம். எங்க மாட்டைக் கேட்டுப் பாருங்க!" அவர் கேலியாகச் சொன்னாலும் அது சரியான விஞ்ஞானம்.

இதற்காகத்தான் அதிகாரிகள் படத்தை மட்டும் நம்புவதில்லை. மழை, விதைப்புப் பரப்பு, மண் ஈரம், நீர்மட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மாதிரிக் கிராமங்களில் நேரில் போய்ச் சரிபார்த்த பிறகே வறட்சி என்று அறிவிப்பார்கள். அதற்கு நாள் ஆகும். 2016-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லி மீட்டர் வர வேண்டும், வந்தது 168. நூற்றுக்கு 62 பங்கு குறைவு. எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10-ஆம் தேதி. பருவம் முடிந்து, தை பிறக்கப் போகிற நேரம். நிவாரணத்துக்கு அந்த அறிவிப்பு தேவை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தீவனம் விதைப்பதற்கு அது பிரயோஜனப்படாது. விதைக்கிற ஈரம் கார்த்திகையோடு போய்விட்டது. ஆகவே மாட்டுக்காரர் தன் வறட்சியைத் தானே முன்கூட்டிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு டப்பா போதும். பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா எதுவானாலும் சரி. அதைத் திறந்த வெளியில், சாயாமல், தரைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் மரம் இருந்தால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லி மீட்டர் என்று பார்த்துக் காலண்டர் தாளில் எழுதுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் தண்ணீர். இரண்டரை மில்லி மீட்டருக்குக் குறைந்த தூறலை வானிலைத் துறை மழை நாளாகவே எண்ணுவதில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். அது மண்ணை நனைக்காது. மனசை மட்டும்தான் நனைக்கும்.

"தாலுகா ஆபீஸில் அளக்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். அதையும் பாருங்கள். ஆனால் மலைச் சரிவில் பெய்கிற மழை செண்பகத்தோப்பில் ஒரு மாதிரி, ஊருக்குக் கிழக்கே கரிசலில் வேறு மாதிரி. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஆறு மைல் கிழக்கே புழுதி பறந்துகொண்டிருக்கும். உங்கள் தோப்புக்கு உங்கள் டப்பாதான் சாட்சி.

இரண்டாவது, கிணறு. மாதம் ஒன்றாம் தேதி, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடிக் கீழே நிற்கிறது என்று அளந்து அதே காலண்டரில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏற வேண்டும். அந்த மாதங்களில் ஏறாமல் நின்றாலே சங்கடம். இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு வருஷத்தில் சுமார் 800 மில்லி மீட்டர் மழை. அதில் பாதியளவு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் வருவது. இதைக் கொண்டு நான் விவசாயிகளுக்குச் சொல்கிற ஒரு கணக்கு உண்டு. இது புத்தகக் கணக்கு அல்ல, அனுபவக் கணக்கு. கார்த்திகை முதல் தேதியன்று உங்கள் காலண்டரைக் கூட்டிப் பாருங்கள். அக்டோபர் முதல் அன்றைக்கு வரை 100 மில்லி மீட்டர்கூடத் தேறவில்லை, கிணறும் ஏறவில்லை, மூன்று வாரமாக ஒரு மழை நாள்கூட இல்லை என்றால், வறட்சி வந்துவிட்டது என்று முடிவுகட்டி வேலையைத் தொடங்குங்கள். பிறகு மழை பெய்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கையில் கொஞ்சம் தீவனம் மிச்சம் இருக்கும். வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் கொடுக்கிற வேளாண் வானிலை அறிவிப்பையும் பாருங்கள். 2019-ல் வந்த 'மேகதூத்' செயலியில் அதைத் தமிழிலேயே படிக்கலாம். வீட்டில் செல்போன் பார்க்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதன் தலையில் கட்டுங்கள்.

வேலையைத் தொடங்குவது என்றால் என்ன? தீவனத்துக்கு இடம் பார்ப்பது. மாட்டுக்கென்று தனியாக அரை ஏக்கர் ஒதுக்க எல்லோராலும் முடியாது. ஆனால் தோப்பு வைத்திருப்பவர்களிடம் இடம் இருக்கிறது. 25 அடி இடைவெளியில் வைத்த தென்னையானால் ஏக்கருக்கு 70 மரம். ஒரு மரத்தின் வேர் பெரும்பாலும் தூரைச் சுற்றி ஆறடிக்குள்தான் பரவி வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் முக்கால் பங்கு நிலம் சும்மா கிடக்கிறது. இந்த நிலத்தில் வெயில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கேள்வி. கன்று நட்டு எட்டு வருஷம் வரை வெயில் நன்றாக விழும். எட்டிலிருந்து இருபத்தைந்து வரை மட்டைகள் ஒன்றோடொன்று கோர்த்து நிழல் கட்டிவிடும். அப்போது ஊடுபயிருக்கு ஆசைப்பட வேண்டாம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மரம் உயர்ந்து மறுபடி வெயில் இறங்கும். உங்கள் தோப்பு எந்த வயசு என்று முதலில் பாருங்கள்.

நிழலைத் தாங்கும் புல்லில் கினியாப் புல்லுக்குத்தான் முதல் இடம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதாவது கோ 4, கோ 5 என்று நாம் சொல்வது, வெயில் கேட்கிற பயிர். தோப்புக்குள் நட்டால் மெலிந்து நெட்டையாகப் போகும். அதை வாய்க்கால் ஓரத்திலும் வெளிவரப்பிலும் வையுங்கள். உள்ளே கினியாப் புல். வேர்க்கரணையை ஒன்றரை அடி வரிசையில், ஓர் அடிக்கு ஒன்றாக நட வேண்டும். பத்து சென்ட்டுக்குச் சுமார் 2,900 கரணை பிடிக்கும். தூரிலிருந்து ஆறடி வட்டத்தை விட்டுவிட்டு நடுங்கள். ஆசையில் மரத்தடி வரை கொண்டுபோய்விட்டு, தேங்காய் சிறுத்துவிட்டது என்று புல்லின் மேல் பழி போடக்கூடாது. முதல் அறுவடை இரண்டு மாதத்துக்குள், பிறகு 45 நாளைக்கு ஒரு தடவை. ஆராய்ச்சி நிலையத்தில் முழு வெயிலில், முழு நீரில் எடுத்த விளைச்சலைத் தோப்புக்குள் எதிர்பார்க்காதீர்கள். அதில் பாதி கிடைத்தாலே நான் நல்லது என்பேன். நிழலில் மண் சீக்கிரம் காயாது. வெளியில் புல் மஞ்சளான பிறகும் மரத்தடியில் ஒரு மாதம் பச்சை நிற்கும். அந்த ஒரு மாதம்தான் நமக்கு வேண்டியது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புல் தூர் கட்டுவதற்கு நாள் வேண்டும். ஆகவே கினியாப் புல்லை வறட்சி தெரிந்த பிறகு நட முடியாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிற சாதாரண வருஷத்திலேயே நட்டு வைத்திருக்க வேண்டும். வறட்சி முற்றி மரமா புல்லா என்று வந்தால் தண்ணீர் மரத்துக்குத்தான். புல்லைத் தரையோடு அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டுத் தூரை விட்டுவிடுங்கள். மழை பெய்தால் அதில் பெரும்பகுதி தழைத்துக்கொள்ளும்.

மாந்தோப்புக் கதை வேறு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பூப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் மரம் காய வேண்டும். அப்போது தண்ணீர் காட்டினால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். அடியில் இறவைப் புல் வைத்தால் புல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் பூவைக் கெடுக்கும். ஆகவே மாந்தோப்பில் மானாவாரிப் புல்தான். செவல் மண்ணில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைக்கலாம். புல் வயிற்றை நிரப்பும், மசால் புரதம் கொடுக்கும். கொழுக்கட்டைப் புல் விதையைப் பறித்த உடனே விதைத்தால் முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உறங்கவிட்ட விதையாகக் கேட்டு வாங்குங்கள். முயல் மசால், வேலி மசால் விதைகளுக்குத் தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி நாலு நிமிஷம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு நாலு நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு "விதை போலி" என்று சண்டைக்கு வருகிறவர்கள் அதிகம்.

மாந்தோப்பில் இன்னொரு அபாயம். தை, மாசியில் பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிப்பார்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அடிப்பது குத்தகைக்காரர். புல் அறுப்பது வீட்டுக்காரம்மா. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது கிடையாது. மருந்து புல்லின் மேல்தான் சொட்டும். என்றைக்கு அடிக்கிறீர்கள் என்று குத்தகைக்காரரிடம் கேட்டுவையுங்கள். மருந்துப் புட்டியில் குறித்திருக்கிற நாள் கழிகிற வரை அந்தப் புல்லை மாட்டுக்குக் காட்டாதீர்கள்.

மரத்தடிப் புல் புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. காங்கயம், தாராபுரம் பக்கம் போனால் கொறங்காடு என்று ஒன்றைப் பார்க்கலாம். நம்மைவிட மழை குறைந்த சீமை அது. நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரம். அடியில் கொழுக்கட்டைப் புல். நிலத்தைத் துண்டு துண்டாக அடைத்து, ஒரு துண்டில் மாடு மேயும்போது மறு துண்டில் புல் வளரவிடுகிறார்கள். கோடையில் புல் தீர்ந்தால் வேலங்காய் உதிர்ந்து கை கொடுக்கும். காங்கயம் மாடு பேர் வாங்கியது இந்தக் காட்டில் வளர்ந்துதான். 1962-ல் ஜான்சியில் தொடங்கிய இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையமும் மரம், புல், மசால் மூன்றையும் சேர்த்து வளர்க்கும் முறையைத்தான் வறண்ட நிலங்களுக்குச் சிபாரிசு செய்கிறது. நம் கரிசலிலும் உடை நெத்தைப் பொறுக்கி ஆட்டுக்கு வைத்த காலம் உண்டு. உடை மரத்தை வெட்டிக் கரி போட்டுவிட்டோம். அதன் இடத்தில் சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்துவிட்டது.

தோப்பே இல்லாதவர்கள் வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், வேலி மசால் வைக்கலாம். சூபாபுல் தழை தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதில் உள்ள ஒரு பொருள் அளவு மீறினால் முடி உதிரும், மாடு மெலியும்.

வறட்சிக் காலத்தில் மாட்டைக் கொல்லக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மழையில்லாமல் குட்டையாக நின்றுபோன சோளப் பயிர், அறுத்த கட்டையிலிருந்து ஒரு தூறலுக்குக் கிளைத்து வருகிற குருத்து, இவை இரண்டிலும் விஷம் ஏறியிருக்கும். பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு முதலில் அதைத்தான் தேடிப் போகும். சில நிமிஷத்தில் மூச்சு வாங்கும், நுரை தள்ளும், கீழே விழும். காப்பாற்ற நேரம் ரொம்பக் குறைவு. உடனே 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவரிடம் மாற்று ஊசி உண்டு. அந்த நிலைமை வராமல் பார்ப்பதே நல்லது. தீவனச் சோளத்தைப் பூத்த பிறகு அறுங்கள். பூக்காமல் வாடிய பயிரானால் அறுத்து நன்றாக வெயிலில் உலர்த்தித் தட்டையாகப் போடுங்கள். உலர உலர விஷம் குறையும். சந்தேகம் இருந்தால் போடவே வேண்டாம்.

கார்த்திகை முதல் தேதிக் கணக்கில் வறட்சி என்று தெரிந்தால் செய்ய வேண்டிய மற்ற வேலைகளும் உண்டு. ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசும்புல், 5 கிலோ வைக்கோல் என்று வைத்தால், நூறு நாளைக்கு இரண்டரை டன் புல்லும் அரை டன் வைக்கோலும் வேண்டும். உங்கள் மாடுகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். எத்தனை மாட்டுக்குத் தீவனம் உண்டு என்று கணக்கு சொல்லிவிடும். மிஞ்சுகிற மாடு, கிழடு, சினை பிடிக்காதது எதுவோ அதை அப்போதே விற்றுவிடுங்கள். மாசியில் விற்றால் பாதி விலைதான். வைக்கோலையும் விலை ஏறுவதற்குள் வாங்குங்கள். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துத் தெளித்து, இறுக்கி மூடி, மூன்று வாரம் வைத்தால் சத்தும் செரிமானமும் கூடும். அந்தக் கரைசலை மாடு குடித்தால் செத்துப்போகும். வாளியைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் கூடாது.

அடிவாரத் தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. யானையும் காட்டுப்பன்றியும் வருகிற இடத்தில் உள்ளே பசும்புல் வைத்தால் மானையும் சேர்த்துக் கூப்பிட்டது போலாகும். ஊர்ப் பக்கத்துத் தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ வையுங்கள்.

கினியாப் புல் கரணையும் மசால் விதையும் வேண்டுமென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலும் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் சொல்லி வையுங்கள். எங்கே கிடைக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். ஏற்கெனவே நட்டிருக்கிறவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். ஒரு தூரைப் பிரித்தால் இருபது முப்பது கரணை வரும். அவரிடம் கேட்டு இரண்டு சென்ட் நட்டுப் பெருக்கிக்கொள்வதுதான் மலிவான வழி. புரட்டாசிக் கடைசியில், முதல் மழை விழுந்து மண் பதமானவுடன் நட்டால் கார்த்திகைக்குள் வேர் பிடித்துவிடும். டப்பாவை அதற்கும் முன்னால், புரட்டாசி பாதியிலேயே வெளியில் வைத்துவிடுங்கள்.